நேர்ந்துவிட்ட ஜீப்பு

எனக்கு வயது எழுபத்து நாலு. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டும் சேர்த்தி. ஆறு பேரை வளர்த்த ஒருத்தி எத்தனை பொய் சொல்லியிருப்பாள்? 'பூச்சாண்டி வர்றான்' என்பதிலிருந்து ஆரம்பித்து நீங்களே நினைத்துப் பாருங்கள். அந்தப் பழக்கத்தில் போன மாதமும் ஒன்று சொல்லிவிட்டேன்.

என்ன, இந்தத் தடவை சாமி பெயரில் சொல்லிவிட்டேன்.

எல்லாம் எங்கள் வீட்டு ஜீப்பால் வந்த வினை. என் வீட்டுக்காரர் வாங்கியது. பின்சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, போடியிலிருந்து மலைக்கு அரிசியும் உரமும், மலையிலிருந்து ஏலக்காய் மூட்டையும் என்று ஒரு லாரியின் வேலையை அதன் முதுகில் ஏற்றினார். அவருக்குப் பின் மூத்தவன் செல்லப்பாண்டி ஓட்டினான். அவன் கார் வாங்கியதும் ஜீப் கொல்லையில் ஒதுங்கியது. சும்மா நின்றது என்று சொல்ல முடியாது. உள்ளே கோழி முட்டையிட்டது, பானெட்டில் வத்தல் காய்ந்தது.

இந்த நேரத்தில் செல்லப்பாண்டியின் மகள் கயலுக்கு மலைமேல் வேலை கிடைத்தது. பூப்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோருக்கு சூப்பர்வைசர். பச்சைக்காய் எந்நேரம் வந்து இறங்குகிறதோ அந்நேரம் அங்கே இருக்க வேண்டும். பஸ் இவளுக்காகக் காத்திருக்குமா? எஸ்டேட் பாதையில் காரை விட்டால் அடி தட்டும். 'தாத்தா ஜீப்பைக் குடுங்கப்பா, நானே சரி பண்ணிக்கிறேன்' என்று கேட்டாள்.

செல்லப்பாண்டி மசியவில்லை. மலைப்பாதை, கொண்டை ஊசி வளைவு, பனிமூட்டம், பொம்பளைப் பிள்ளை என்று வரிசையாக அடுக்கினான். ஜீப் இருந்தால்தானே கேட்பாள்? வண்டியையே இரும்புக் கடைக்குப் பேசி முடித்துவிட்டான். வண்டி போனால் வேலையும் போச்சு.

மறுநாள் காலையில் கேஸ் கட்டரோடு ஆள் வந்து நின்றார். கயல் அழவில்லை. நேராகப் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்பனைப் பார்க்காமல் நேரே பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அந்த வண்டியத் தொடாதீக. அது கருப்பசாமிக்கு நேந்துவிட்டது."

கிடாயை நேர்ந்துவிடுவது எல்லாருக்கும் தெரியும். சாமிக்கென்று விட்டுவிட்டால் அதை விற்கக்கூடாது, அடிக்கக்கூடாது. ஊரில் எவர் தோட்டத்தில் மேய்ந்தாலும் யாரும் கேட்கக்கூடாது. ஆனால், ஜீப்பை?

"வண்டியப் போயி யாராச்சும் நேந்துவிடுவாகளா ஆத்தா?" என்றான் மகன்.

"ஒங்கப்பா காய்ச்சல்ல கெடந்தப்ப வேண்டுனேன். அன்னிக்குக் கெடா வாங்க வக்கு இல்ல. வாசல்ல நின்னது வண்டிதான்."

இரும்புக் கடைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, போட்ட வேகத்தில் கிளம்பிவிட்டார். செல்லப்பாண்டிக்குக் கடவுள் பக்தி அதிகம். அதைவிடச் சந்தேகம் அதிகம். நேரே பூசாரி வீட்டுக்கு நடந்தான்.

பூசாரி லேசுப்பட்ட ஆள் இல்லை. தாடியைத் தடவி யோசித்துவிட்டு ஒரு வழி சொல்லியிருக்கிறார். கிடாய் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தால் அது உடம்பைச் சிலிர்க்க வேண்டும். துலுக்குவது என்போம். துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். வண்டிக்கும் அதே சட்டம்தான். வெள்ளிக்கிழமை வந்து தண்ணீர் தெளிக்கிறேன், துலுக்கினால் சாமி வண்டி, துலுக்காவிட்டால் இரும்புக் கடை என்று தீர்ப்பு.

செல்லப்பாண்டி சிரித்துக்கொண்டே வந்தான். வருசக்கணக்காக உறுமாத வண்டி எப்படித் துலுக்கும்?

கயல் ராசிங்காபுரத்திலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தாள். டீசல் டேங்கைக் கழற்றினால் உள்ளே துரு. ஏர் ஃபில்டரைத் திறந்தால் எலி ஒன்று குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. தரைத்தகடு பல இடங்களில் இல்லவே இல்லை... காலை வைத்தால் நேரே பூமாதேவி. பேத்தி கை முழங்கை வரை கிரீஸ். அவள் அப்பன் போகும்போதும் வரும்போதும், 'வெரசா முடிங்கப்பா, வெள்ளிக்கிழமை இரும்புக் கடைக்காரருக்கு வேற சோலி இருக்காம்' என்று ஊசி குத்திவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை சாயங்காலம் இன்ஜின் இருமியது. பிறகு ஓடியது. ஓடும்போது வண்டியே கிடுகிடுவென்று ஆடியது. இன்ஜினைத் தாங்குகிற மவுண்டிங் ரப்பர் போய்விட்டது, புதுசு கையில் இருக்கிறது, மாட்டிவிட்டால் வண்டி பூ மாதிரி நிற்கும் என்றார் மெக்கானிக்.

அவரைத் தனியாகக் கூப்பிட்டேன். "அப்பு, பூ மாதிரி நின்னா எங்க பொழப்பு போச்சு. ரப்பரச் சனிக்கிழமை மாட்டிக்கிருவோம்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். ரப்பரைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை. தெருவே கூடிவிட்டது. பூசாரி வெள்ளை வேட்டி கட்டி, செம்பு நிறைய மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக வந்தார். பானெட்டில் தெளித்தார். கயல் சாவியைத் திருகினாள். கிர்ர்... கிர்ர்... அவ்வளவுதான். மறுபடி தெளித்தார். மறுபடி கிர்ர்.

செல்லப்பாண்டி போனை எடுத்தான், இரும்புக் கடைக்குத்தான். கயலின் உதடு துடிப்பதைப் பார்த்தேன். அதுவரை எனக்கு எல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை அவள் வேலையில் சேர வேண்டும். 'கருப்பா, பொய் சொன்னது நான். பிள்ளைமேல காட்டிராத' என்று உள்ளுக்குள் கும்பிட்டேன். நான் நிஜமாகவே வேண்டிக்கொண்டது அப்போதுதான்.

மூன்றாவது தெளிப்பு. பிடித்துக்கொண்டது! கரும்புகை பூசாரியின் வேட்டியில் போய் அப்பியது. பானெட் ஆடியது, மட்கார்டு ஆடியது, கண்ணாடி ஆடியது, உள்ளே உட்கார்ந்திருந்த கயலும் சேர்ந்து ஆடினாள். பெண்கள் குலவை போட்டார்கள். எந்தக் கிடாயும் இப்படித் துலுக்கியதில்லை.

"துலுக்குனது போதும் ஆத்தா, நிப்பாட்டச் சொல்லுங்க" என்றார் பூசாரி, இருமிக்கொண்டே.

செல்லப்பாண்டி போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான்.

அதற்குப் பிறகு பாருங்கள். புது பிரேக், புது டயர் எல்லாம் அவனே வாங்கிவந்தான். மகள் வண்டி என்றால் 'பழசே ஓடும்' என்றிருப்பான். சாமி வண்டியாயிற்றே, மனசு கேட்குமா? பளபளப்பில்லாத கறுப்புதான் வேண்டும் என்றாள் கயல். 'அது என்ன எழவு கலரு' என்று ஆரம்பித்தவனிடம், கருப்பசாமிக்குக் கறுப்பு இல்லாமல் ரோஸ் கலரா அடிப்பார்கள் என்று கேட்டாள். மறுநாளே கறுப்பு பெயின்ட்டோடு வந்தான். மேலே பனிக்கு மஞ்சள் லைட்டு, பின்னால் மடக்கிவைக்கிற சீட்டு, பாட்டுப் பெட்டி... எல்லாம் சாமி கணக்கில்.

வேலைக்குப் போன முதல் வாரமே ஒருநாள் தாமதமாக வந்தாள். அப்பன் வாசலில் நின்றான். அவன் வாயைத் திறக்குமுன் இவள் முந்திக்கொண்டாள்.

"நேந்துவிட்ட கெடாவ எங்க மேஞ்சேன்னு கேக்கலாமாப்பா?"

அவன் கேட்கவில்லை. எனக்கென்ன தோன்றுகிறது என்றால், வீட்டுக்கு ஒரு பெண்பிள்ளையை இப்படி ஏதாவது ஒரு சாமிக்கு நேர்ந்துவிட்டால் தேவலை. பாதிக் கேள்வி மிச்சமாகும்.

போன செவ்வாய்க்கிழமை பூசாரி வந்தார். திருவிழாவுக்குப் பொங்கல் பானைகளையும் விறகையும் இந்த ஜீப்தான் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பேசி முடித்தோம். அது நியாயம்தான், சாமிக்கும் ஒரு பங்கு வேண்டாமா? கிளம்பும்போது வண்டியைச் சுற்றிவந்தார். கயல் அதை ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தாள். சத்தம்கூடத் தெரியவில்லை.

"அன்னைக்கு அந்தத் துலுக்குத் துலுக்குச்சு. இன்னைக்கு அசையக் காணமே ஆத்தா?"

"சாமிதான் ஏத்துக்கிருச்சே. இனிமே எதுக்குத் துலுக்கணும்?"

"அதுஞ் சரிதான்" என்றார். ரெண்டு அடி வைத்துத் திரும்பினார். "எங்கிட்டயும் ஒரு பழைய டெம்போ கெடக்கு. அந்த ரப்பரு மாட்டுன மெக்கானிக்கு எந்த ஊரு?"

சாமிக்கும் பூசாரிக்கும் தெரிந்தாயிற்று. செல்லப்பாண்டி ஒருத்தன்தான் பாக்கி. என் கதைகள் வருகிற இந்தப் பத்திரிகையை அவன் வாராவாரம் வாங்குவான். ஆத்தா பெயர் சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்து மடித்து வைப்பான். படித்ததில்லை.

கயலு, போதும், நிறுத்திக்க. எங்கே, எழுதினத ஒருதரம் வாசி... சத்தமா வேண்டாம். ஒங்கப்பன் வாசல்ல வண்டியத் தொடச்சிக்கிட்டு இருக்கான்.