விருந்தாளிக் குளிர்

எங்கள் சித்திக்குக் குளிர் ஆகாது. வீட்டில் எல்லோரும் மின்விசிறிக்கு அடியில் இடம் பிடிக்க அடித்துக்கொள்ளும்போது, அவள் மட்டும் மூலையில் போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டு வெந்நீர் குடித்துக்கொண்டிருப்பாள். அவள் பார்க்கும் வேலையோ கார் ஏசி ரிப்பேர்.

"ஊர் வண்டியையெல்லாம் குளிர வைக்கிற, உனக்கு மட்டும் ஏன்டி இப்படி?" என்று அம்மா கேட்டால், "பகல் முழுக்க குளிரோடதானே குடித்தனம், வீட்டுக்கும் கூட்டிட்டு வரணுமா?" என்பாள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. பல வருஷம் ஒரு பஸ் பணிமனையில் ஏசி மெக்கானிக்காக இருந்தாள். போன கோடை தொடங்கும்போது அந்த வேலையை விட்டுவிட்டு, டாக்சி ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், முன்பு டயர் கடையாக இருந்த ஷெட் ஒன்றைப் பிடித்துச் சொந்தமாகத் தொழில் தொடங்கினாள். ஸ்டாண்டில் நிற்கும் கார்கள் எல்லாமே பழசு. பழைய வண்டி என்றால் ஏசியில் ஏதாவது கோளாறு இருக்கத்தான் செய்யும். அந்த டிரைவர்கள் அவளை நம்பி வந்தால் ஷெட் நிற்கும். வராவிட்டால் பூட்டைப் போட்டுவிட்டு, பணிமனைக்கே போய் மறுபடியும் வேலை கேட்க வேண்டியதுதான்.

முதலில் வந்தது அப்பாவின் வண்டி. அப்பா அந்த ஸ்டாண்டில்தான் டாக்சி ஓட்டுகிறார். அந்தக் கார் என்னைவிட வயதில் மூத்தது. அதன் இடதுபக்கக் கதவை லேசாகத் தூக்கிச் சாத்தினால்தான் சாத்தும். ஏசியைப் போட்டால் வெந்நீர் கொதிக்கும் பாத்திரத்துக்கு மேல் முகத்தை நீட்டிய மாதிரி காற்று வரும்.

சித்தி எப்படி வேலை செய்வாள் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் பின்னால் நடந்தது புரியும். வண்டி வந்ததும் எடுத்த எடுப்பில் அவள் கேஸ் ஏற்ற மாட்டாள். இஞ்சினை ஓடவிட்டு, பானெட்டுக்குள் தலையை நீட்டி, கம்ப்ரஸரின் சத்தத்தைக் கேட்பாள். அப்பாவின் வண்டியில் அது 'டக்' என்று பிடித்தது, உடனே விட்டது, மறுபடி 'டக்' என்றது.

"விக்கல் எடுக்குது மாமா. உள்ளே கேஸ் கம்மி."

"அப்போ ஏத்திடு. எனக்கு சவாரி இருக்கு."

"போன கேஸ் எந்த வழியா போச்சுன்னு தெரியாம புதுசா ஏத்தினா, அதுவும் அதே வழியாத்தான் போகும். உட்காருங்க."

குழாய் இணைப்புகள் ஒவ்வொன்றிலும் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் நுரை குமிழி விட்டது. உள்ளே இருந்த ரப்பர் வளையம் காய்ந்து, தொட்டதும் அப்பளம் மாதிரி உடைந்தது. புது வளையம் போட்டாள். பம்ப் வைத்து உள்ளேயிருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்தாள். பிறகு தராசில் வைத்த சிலிண்டரிலிருந்து கேஸை அளந்து ஏற்றினாள். கடைசியாக டாஷ்போர்டின் காற்றுத் துவாரத்துக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு தும்மல் போட்டாள். தும்மினால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

அப்பா ஸ்டாண்டில் ஒருவரையும் விடவில்லை. உள்ளே உட்கார வைத்துக் கதவைச் சாத்தி, "எப்படி? எப்படி? என் கொழுந்தியா கை பட்டது!" என்று கேட்டு நடுங்க வைத்தார்.

அந்தப் பெருமை ரொம்ப நாள் நிற்கவில்லை. குளிர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து பழையபடி வெக்கை அடித்தது. சித்தி மறுபடி எல்லா இணைப்புகளிலும் நுரை தடவினாள். எங்கேயும் குமிழி இல்லை. திரும்ப அளந்து ஏற்றினாள். அதுவும் போனது.

ஸ்டாண்டில் மீசைக்காரர் என்று ஒரு டிரைவர் இருக்கிறார். யாருக்கும் பட்டப்பெயர் வைக்காமல் அவருக்குப் பொழுது போகாது. "உன் கொழுந்தியா போடுறது விருந்தாளிக் குளிர்ப்பா. வரும், ரெண்டு நாள் உட்காரும், சொல்லாம கொள்ளாம கிளம்பிடும்" என்றார். அன்றிலிருந்து சித்திக்கு 'விருந்தாளி அக்கா' என்று பெயர். ஷெட்டைத் தாண்டிப் போகிற டாக்சிகள் ஹாரன் அடித்துவிட்டுப் போயின. ஒன்றும் உள்ளே திரும்பவில்லை.

மூன்றாவது முறை சித்தி கேஸே ஏற்றவில்லை. நைட்ரஜனை அழுத்தமாக ஏற்றி, அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி, வண்டியை ஷெட்டிலேயே ஒரு நாள் நிறுத்தினாள். எங்காவது கசிந்தால் ஊசி இறங்க வேண்டும். மறுநாள் பார்த்தபோது ஊசி வைத்த இடத்திலேயே இருந்தது. அன்று சாப்பிடும்போதும் அவள் குழாய் இணைப்புகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அம்மா தட்டில் சோற்றை வைத்துக்கொண்டே, "பேசாம பணிமனைக்கே போயிடேன்டி. சேர்த்துக்க மாட்டாங்களா?" என்றாள்.

சித்தி நிமிர்ந்து பார்த்தாள். "என் ஷெட்ல நின்னா கசியலக்கா. இவர்கிட்ட போனா கசியுது. அப்போ நான் பார்க்க வேண்டியது வண்டிய இல்ல, இவரை."

"நான் என்ன பண்ணேன்? ஓட்டினேன், அவ்வளவுதான்!" என்றார் அப்பா. அவருடைய கட்டைவிரலில் ஒரு கொப்புளம் இருந்தது. கேட்டதற்கு இஞ்சின் சூடு பட்டுவிட்டது என்றார்.

சித்தி மறுபடி கேஸ் ஏற்றினாள். அடுத்த நாள் காலை அப்பாவோடு தானும் கிளம்பினாள். "நான் பின் சீட்ல இருப்பேன் மாமா. நான் இல்லைன்னு நினைச்சுக்கிட்டு வழக்கம்போல இருங்க."

"எப்படி நினைக்கிறது? பின்னாடி ஒரு போர்வை மூட்டை உட்கார்ந்திருக்கே."

ஏசி வண்டியில் போகிறோமே என்று அவள் போர்வையோடுதான் ஏறியிருந்தாள்.

அங்கே நடந்ததை அப்பாவும் சித்தியும் தனித்தனியாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

வண்டி ஸ்டாண்டில் நின்றதும் மீசைக்காரர் டீ கிளாஸோடு வந்தார். "என்னப்பா, விருந்தாளி இருக்காரா, கிளம்பிட்டாரா?"

அப்பா கம்பீரமாக இறங்கி பானெட்டைத் தூக்கினார். கேஸ் ஏற்றுகிற வால்வின் சின்ன மூடியைத் திருகிக் கழற்றினார். கார் சாவியின் முனையால் நடுவிலிருந்த ஊசி போன்ற பின்னை அமுக்கினார்.

ஸ்ஸ்ஸ்!

"கேட்டுச்சா? என் கொழுந்தியா போட்ட கேஸ். குத்துக்கல்லு மாதிரி உள்ளேயே இருக்கு."

"எனக்குக் கேக்கலையே" என்று இன்னொருவர் குரல்.

"நீயே அமுக்கிப் பாரு. இந்தா சாவி."

ஸ்ஸ்ஸ்!

"தள்ளுப்பா, நான் இன்னிக்கு இன்னும் பார்க்கல."

ஸ்ஸ்ஸ்!

சித்திக்குப் பானெட் மறைத்திருந்தது. சத்தம் மட்டும் கேட்டது. முதல் சத்தத்துக்கு அவள் காதை நம்பவில்லை. மூன்றாவது சத்தத்துக்குப் போர்வையோடு வெளியே பாய்ந்தாள்.

"மாமா! தினமும் இதுதான் நடக்குதா?"

"பின்னே? உன்னைப் பத்தி இவனுங்க வாய்க்கு வந்ததைப் பேசுவானுங்க, நான் சும்மா இருக்கணுமா? தினமும் ஆதாரத்தோட நிரூபிக்கிறேன்ல!"

சித்தி அவருடைய கையைப் பிடித்து அந்தக் கட்டைவிரலைப் பார்த்தாள். "இது சூட்டுக் காயம் இல்ல. கேஸ் பீய்ச்சி வந்த காயம். அது தோல்ல பட்டா உறைய வச்சிரும்." கத்தவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாளாம். அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே பம்பரில் உட்கார்ந்து, போர்வையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "ஆதாரத்தையெல்லாம் காத்துல விட்டுட்டீங்களே மாமா! ஒவ்வொரு ஸ்ஸுக்கும் கொஞ்சம் கொஞ்சமா என் பேரும் சேர்ந்துல்ல போயிருக்கு!"

அப்பாவின் முகம் சிறுத்துப்போனது. கையிலிருந்த சாவியைப் பார்த்தார், வால்வைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்கும்முன் மீசைக்காரர் முந்திக்கொண்டார். "அப்போ விருந்தாளி தானாப் போகலையா? நாமதான் தினமும் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளியிருக்கோமா?" கூட்டமே சிரித்தது. கடைசியில் அப்பாவும் சிரித்துவிட்டார். ஆனாலும் அன்று முழுக்க அம்மாவின் கண்ணில் படாமல்தான் நடமாடினார்.

ஷெட்டில் சித்தி வால்வின் பின்னை மாற்றினாள். இத்தனை சாவிகள் குத்தி அது வளைந்திருந்தது. குறைந்த கேஸை ஈடு கட்டினாள். மூடியைக் கையால் திறக்க முடியாதபடி ஸ்பானர் வைத்து முறுக்கினாள். பிறகு காற்றுத் துவாரத்தில் ஒரு குட்டி தெர்மாமீட்டரைச் செருகிவிட்டாள். "இனிமே யாராவது கேட்டா இதைக் காட்டுங்க. பானெட் பக்கம் போனீங்கன்னா அக்காகிட்ட சொல்லிடுவேன்."

அதற்குப் பிறகு ஸ்டாண்டில் அதுவே பழக்கமாகிவிட்டது. காலையில் வந்ததும் ஆட்டத்தில் ஸ்கோர் கேட்பதுபோல, "இன்னிக்கு எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டே ஆளாளுக்கு ஜன்னல் வழியாகத் தலையை விட்டுப் பார்ப்பார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. அந்த எண் அசையவில்லை. கேலியும் மெல்லக் குறைந்தது. ஆனால் ஷெட்டுக்குள் மட்டும் இன்னும் ஒரு வண்டியும் வரவில்லை. சித்தி தினமும் ஷெட்டைத் திறந்து, கருவிகளைத் துடைத்து வைத்துவிட்டு, வெந்நீர் குடித்தாள்.

கோடை உச்சத்தில் ஒரு நாள் மீசைக்காரரின் கார் ஷெட் வாசலில் வந்து நின்றது. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என் வண்டியிலயும் குளிர் இல்லம்மா. என்னன்னு பாரேன்."

சித்தி பானெட்டைத் தூக்கினாள். கம்ப்ரஸர் பக்கம் போகவே இல்லை. நேராக வால்வின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தாள். உள்ளே புதுக் கீறல்கள் பளபளத்தன.

"அண்ணே?"

மீசைக்காரர் மீசையைத் தடவினார். "இல்லம்மா... உங்க மாமா வண்டியில கேஸ் இருக்கே, நம்மளோடதுல இருக்கான்னு ஒரு சந்தேகம். ஒரு தரம்தான் அமுக்கினேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "தினம் காலையில ஒரு தரம்" என்றார்.

அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு டாக்சிகள் வந்து நின்றன. ஜன்னல் கண்ணாடிகளை முழுக்க இறக்கிவிட்டு, துண்டால் முகத்தை விசிறிக்கொண்டிருந்த டிரைவர்கள் இருவரும் சித்தியின் கண்ணைப் பார்க்காமல் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சித்தி போர்வையை மடித்து ஆணியில் மாட்டினாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, வேலை மேஜையைத் தட்டிக் காட்டினாள்.

"முதல்ல எல்லாரும் சாவியை இங்கே வைங்க. அப்புறம் வண்டியைப் பத்திப் பேசலாம்."