கருப்பம்மாவின் சமாதிக்குக் கீழே ஒரு விளம்பரம்

பதுளையில் கல்லறைக்குக் கல் வெட்டுகிறவர் யாரென்று கேட்டால் பாக்கியநாதனைத்தான் காட்டுவார்கள். கடைவீதிக்குப் பின்னால் தகரக் கொட்டகை, வாசலில் இன்னும் பேர் வெட்டாத கற்கள். ஆனால் அவர் உளியைத் தொட்டே நாளாயிற்று. கருங்கல் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. இரண்டு வார்த்தைக்கு ஓர் இருமல்.

அதனால் வேறு வேலைக்கு மாறினார். வெளிநாடு போனவர்களின் தாய் தகப்பன் சமாதிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. பஸ் ஏறித் தேயிலைத் தோட்டத்து மயானத்துக்குப் போவார். மானாப்புல்லை வெட்டுவார், சுண்ணாம்பு அடிப்பார். வேதக்காரர் என்றால் மெழுகுதிரி, சைவர் என்றால் கற்பூரம். பிறகு போனில் படமெடுத்துத் தன் இணையப் பக்கத்தில் போடுவார். இலவசமாகக் கிடைத்த பக்கம் அது. அதைப் பார்த்துத்தான் கனடாவிலிருந்தும் கட்டாரிலிருந்தும் ஆட்கள் தேடி வந்தார்கள்.

ஒரே ஒரு கல்லறையை மட்டும் அவர் அதில் போட்டதில்லை. பெண்சாதி மரியகொரட்டியுடையது. "அம்மாவையும் போடுங்களேன் அப்பா" என்று கொழும்பில் வேலை பார்க்கும் மகள் ஷிரோமி கேட்கும்போதெல்லாம், "யாவாரத்துக்குள்ள அவள இழுக்காத" என்று வாயை அடைத்துவிடுவார்.

ஒருநாள் கனடாவிலிருந்து ஜெயகுமார் கூப்பிட்டான். தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அவனுடைய அம்மா கருப்பம்மா கொழுந்தெடுத்தே காலம் போனவள்.

"அண்ணே, அம்மா படத்துக்குக் கீழ என்னாண்ணே போட்டிருக்கீங்க?"

"நா ஒண்ணும் போடலியே."

"தொப்பை கொறைக்கிற மருந்து வெளம்பரம் ஓடுது. எங்கம்மா காலையில ரொட்டி, பகல்ல ரொட்டி, ராவைக்கு வெறுந் தேத்தண்ணி குடிச்சுச் செத்தவங்க. அவங்களுக்குத் தொப்பையா?"

பாக்கியநாதன் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் இருமினார்.

மறுநாளே கடைவீதியில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கும் ஸப்ரானிடம் போனார்.

"ஓசி வீட்டுல இருந்தா வீட்டுக்காரன் செவத்துல நோட்டீஸ் ஒட்டத்தான் செய்வான், அங்கிள்," என்றான் ஸப்ரான். "சொந்தப் பேர்ல ஒரு பக்கம் எடுங்க. வெளம்பரம் வராது. தேடுறவங்களுக்கும் முன்னால வந்து நிக்கும். வெளிநாட்டு ஆளுக நம்புவாங்க."

"அதுக்கு வருசா வருசம் காசு கட்டணுமே?"

"கட்டணும்."

"கட்டாட்டி?"

"கொஞ்ச நாள் பொறுப்பான். அப்புறம் பேரும் போயிரும், படமும் போயிரும்."

"ஓசிப் பக்கம்?"

"கம்பனிக்காரன் இருக்கிற வரைக்கும் அது பாட்டுக்குக் கெடக்கும். அதுக்கும் சத்தியம் பண்ண ஏலாது. ஏன் அங்கிள், நீங்கதானே கட்டப்போறீங்க?"

பாக்கியநாதன் நெஞ்சைத் தடவிக்கொண்டார். எத்தனை வருசத்துக்குக் கட்ட முடியும் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் நேராகச் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லாமல் சொல்லியிருந்தார். தனக்குப் பிறகு ஷிரோமி கட்டுவாளா? கட்டுவாள், முதல் வருசம். இந்தத் தொழிலில் அவர் கண்டது அதுதான். முதல் வருசம் அழுதுகொண்டே அனுப்புவார்கள். இரண்டாம் வருசம் ஞாபகப்படுத்த வேண்டும். மூன்றாம் வருசம் போனை எடுக்கமாட்டார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. வீட்டுக் கடன், பிள்ளை படிப்பு, பனி. செத்தவள் வந்து கேட்கவா போகிறாள்?

ஆனாலும் தொப்பை மருந்து மனசை அறுத்தது. "எடுத்துரு தம்பி, சொந்தமாவே," என்றார். ஸப்ரான் புதுப் பக்கத்தைக் கட்டினான். சமாதிகள் எல்லாம் ஒவ்வொன்றாக இடம் மாறின. வெள்ளைப் பின்னணி, கீழே எதுவும் இல்லை. பார்க்கக் கோயில் மாதிரி இருந்தது. பழைய பக்கத்தை மட்டும் இன்னும் அழிக்கவில்லை.

கார்த்திகை மழை அந்த வாரம் விடவே இல்லை. தெமோதரைப் பக்கம் மண் சரிந்தது என்றார்கள். லயத்து வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆள் சேதம் இல்லை என்று எல்லோரும் கும்பிட்டார்கள். செத்தவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பாதை திறந்ததும் பாக்கியநாதன் போய்ப் பார்த்தார். மயானம் இருந்த இடத்தில் செம்மண் வெட்டுக்காயம்போல் பிளந்து கிடந்தது. கீழே பள்ளத்தில் சேறு. எது கருப்பம்மா, எது தேயிலைத் தூர் என்று சொல்ல முடியாது. அங்கேயே நின்று கற்பூரம் கொளுத்தப் பார்த்தார். நனைந்த தீப்பெட்டி பற்றவில்லை.

திரும்பும் வழியில் ஜெயகுமார் கூப்பிட்டான். "அண்ணே, மழைன்னு கேள்விப்பட்டேன். அம்மா எப்பிடி இருக்காங்க?"

உயிரோடு இருப்பவளை விசாரிப்பது போல் கேட்டான். பாக்கியநாதனுக்குப் பொய் வரவில்லை. சொன்னார்.

"அப்ப அந்தப் படந்தான் மிச்சம்," என்றான் ஜெயகுமார். "சுத்தமான பக்கத்துலயே வைங்கண்ணே. வருசா வருசம் நா கட்டுறேன். சத்தியமா."

"சரிப்பா," என்றார் பாக்கியநாதன்.

பதுளையில் இறங்கி நேரே ஸப்ரானின் கடைக்குப் போனார்.

"வாங்க அங்கிள். பழையத அழிச்சிரவா? ரெண்டு எடத்துல இருந்தா ஆளுக கொழம்புவாங்க."

"அழிக்காத. கெடக்கட்டும்."

"அந்தத் தொப்பை மருந்து?"

"ஜெயகுமார் இன்னைக்குக் கட்டுறேன்னு சொல்றான். நானும் இன்னைக்கு இருக்கேன். அது போதாது தம்பி."

ஸப்ரான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

பாக்கியநாதன் நாற்காலியில் உட்கார்ந்து, இருமி முடித்து, போனை நீட்டினார். திரையில் பதுளை மயானத்தில் ஒரு வெள்ளைக் கல். பேரை அவரே வெட்டியது. கடைசியாக வெட்டிய கல்லும் அதுதான். மரியகொரட்டி.

"இதையும் போட்டுரு. பழைய பக்கத்துல."

ஸப்ரான் போட்டான். படம் ஏறி முடிந்த கையோடு, கல்லுக்குக் கீழே வெள்ளைக்காரர் சுற்றிப்பார்க்க வரும் எல்ல ஊரிலுள்ள ஒரு ஹோட்டலின் விளம்பரம் வந்து குந்தியது. நீச்சல் குளம், சிரிக்கிற ஆட்கள்.

"பாருங்க அங்கிள், இவங்களுக்குக் கீழயும் வந்திருச்சே," என்றான் சங்கடத்தோடு.

"வரட்டும்," என்றார் பாக்கியநாதன். "தனியா இருக்கிறதுன்னா அவளுக்குப் பயம்."