சிவதாணுவின் காது

செவ்வாய்க்கிழமை காலை சிவதாணுவின் மகள் கூப்பிட்டாள். "அப்பா போயிட்டாங்க, மேடம்." கைபேசியை வைத்துவிட்டு எழுந்தேன். என் இடது இடுப்பில் அந்தச் சத்தம் வந்தது.

நம் ஆய்வுக்கூடத்தில் அவரோடு வேலை பார்த்து, இன்று இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு அவர் வழக்கம் தெரியும். எலும்புக்குப் பதிலாக உடலில் வைக்கும் பீங்கான் துண்டு உலையிலிருந்து வந்து ஆறியதும், காதருகே பிடித்து மரக்குச்சியால் தட்டுவார். கணீரென்றால் கருவிச் சோதனைக்குப் போகும். மங்கலாக ஒலித்தால் உள்ளே விரிசல் என்பார்.

ஒருமுறை எல்லாக் கருவிகளிலும் தேறி வந்த ஒரு துண்டை மறுபடி தட்டிப் பார்த்து அவர் ஒதுக்கி வைத்தார். மேலதிகாரிக்குக் கோபம். "உம்ம காது சொன்னதை ரிப்போர்ட்ல எழுத முடியுமா, ஓய்?"

"எழுதாண்டாம் சார். ஆனா இதை ஒருத்தன் உள்ள வச்சா, அவன் நடக்கும்போ உடையும், கேட்டோ."

அறுத்துப் பார்த்தார்கள். நடுவில் மயிரிழை போல ஒரு கோடு.

அறிக்கைகளைத் திருத்துவது என் வேலை. 'சுமார்' என்ற சொல்லை நான் யாருக்கும் அனுமதித்ததில்லை. "மேடத்தோட சிவப்புப் பேனாவும் என் குச்சியும் ஒரே வேலைதான் பாக்குது. ரெண்டுக்கும் இங்க நல்ல பேர் இல்ல" என்பார்.

போன வருடம் நான் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டேன். மூட்டை மாற்றி, பந்தும் அது சுழலும் கிண்ணமும் பீங்கானிலேயே வைத்தார்கள். பார்க்க வந்த சிவதாணு சிரிக்கவில்லை. "இதை நான் தட்டிப் பாக்கலையே, மேடம். சத்தம் வந்தா அன்னைக்கே டாக்டரைப் பாருங்க."

அதன்பின் ஞாயிறுதோறும் போனில் ஒரே கேள்வி. "சத்தம் உண்டோ?"

மழைக்காலத்தில் அது வந்தது, எண்ணெய் காணாத கதவுக் கீல் போல. சொன்னால் மறுபடி அறுவை, குளியலறைக்குப் போக மறுபடி யாரோ ஒருத்தியின் கை. என் கணவர் போனபின் நான் எவரிடமும் கை நீட்டி நின்றதில்லை. அந்த ஞாயிறு அவர் கேட்டபோது "இல்லை" என்றேன்.

அவர் நம்பவில்லை. "போனைத் தரையில வச்சிட்டு நாலடி நடங்க, மேடம்."

"நான் என்ன உங்கள் உலையிலிருந்து வந்த துண்டா?" என்று வைத்துவிட்டேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் அவர் வீடு. கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவரருகே நான் நடந்து போனபோது மகள் குனிந்து பார்த்தாள். "செருப்பா மேடம் சத்தம் போடுது?"

செருப்பை நான் வாசலில் விட்டிருந்தேன்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி ஒன்றுதான். நாளை மருத்துவரைப் பார்க்கிறேன். அதற்கு முன், உங்கள் எல்லோர் முன்னிலையிலும் என் பதிலைத் திருத்துகிறேன். உண்டு, சிவதாணு. இடது இடுப்பு. ஒவ்வோர் அடிக்கும். நேற்றுவரை கீச்சென்றது, இன்று காலை முதல் மங்கலாக ஒலிக்கிறது.