உப்பு பாத்துச் சொல்லுங்க, சார்

போன புதன்கிழமை ஒரு கரண்டி சாம்பார் என் மூக்குக்கு நேராக வந்து நின்றது.

"உப்பு பாத்துச் சொல்லுங்க, சார்."

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பழைய அரிசி குடோன். அதில் சமையல் பயிற்சி நடக்கிறது. பாதியில் படிப்பை விட்ட அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் ஜெயிலிலிருந்து வெளியே வந்தவர்களும் ஒரே அடுப்படியில் நிற்பார்கள். சமைத்ததை மதியம் பஜாரில் மூட்டை தூக்குகிறவர்கள் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். கஸ்டமரிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லித்தர நான் புதன்தோறும் போகிறேன். சொல்லித்தருவதாகப் பேர்... பேசுவதெல்லாம் நான்தான்!

கரண்டியை நீட்டியவர் செல்வராஜ். கட்டட வேலைக்காகத் தேனியிலிருந்து கொச்சி வந்தவர். குடித்துவிட்டு ஒரு கைகலப்பு. இவர் தள்ளியதில் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஆறு வருஷம் உள்ளே. "தப்பு என்னுதுதான் சார்" என்பார். அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்க மாட்டார்.

ஜெயிலில் அவருக்குச் சமையல்கட்டு வேலை. நானூறு பேருக்கு சாம்பார் வைக்கிற கை. இப்போது மூன்றே பேருக்கு வைக்க வேண்டும் — அதுதான் சிக்கல்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் திவ்யா வருகிறாள். அப்பா உள்ளே போனபோது ஏழு வயசு. கொச்சியிலேயே காக்கநாட்டில் அத்தை வீட்டில் வளர்கிறாள். ஜெயிலுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. அவர் வெளியே வந்து நாலு மாசமாகியும் போனில்கூடப் பேசவில்லை. அத்தை கெஞ்சிக் கேட்டு, கடைசியில் ஒப்புக்கொண்டிருக்கிறாள். எப்படி? "ஒரே ஒரு தடவை வரேன். சாப்பிட்டதும் கிளம்பிடணும்."

அதற்குத்தான் இந்த ஒத்திகை. நான் வாயில் வைத்தேன். அவ்வளவு உப்பு, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நஸ்ரீன் ஒரு சொட்டு நக்கிப் பார்த்தாள். பத்தொன்பது வயசு. அவள் தமிழில் பாதி மலையாளம்.

"அண்ணாச்சி, இது சாம்பாரோ, கொச்சிக் காயலோ?"

"நானூறு பேருன்னா கண்ணை மூடிட்டுப் போடுவேன்மா. மூணு பேருக்கு எத்தனை கல்லு உப்புன்னு யாருக்குத் தெரியும்?"

"நாக்குக்குத் தெரியும். ருசி நோக்கியோ?"

செல்வராஜ் கரண்டியைச் சட்டியிலேயே திரும்ப வைத்தார்.

"அங்க நாங்க ருசி பாக்க மாட்டோம்" என்றார். "ஆபீசர் வந்து ஒரு வாய் பாப்பார். சரின்னு கையெழுத்துப் போட்டாத்தான் பந்தி."

யோசித்துப் பாருங்கள். ஆறு வருஷம் ஊருக்கே சமைத்த மனுஷன், ஒருநாளும் தன் நாக்கைக் கேட்டுக்கொண்டதில்லை! நல்லா இருக்கிறதா இல்லையா என்று இன்னொருத்தர் சொல்ல வேண்டும். நாலு மாசமாக அவர் எல்லோர் மூக்குக்கும் கரண்டியை நீட்டிக்கொண்டிருந்தது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மரியாதை என்று நினைத்திருந்தேன். சே!

நஸ்ரீன் அங்கேயே சட்டம் போட்டுவிட்டாள். "இனி அண்ணாச்சி நீட்டினா யாரும் வாய் திறக்கண்டா. சாரே, நீங்களும்தான்!"

இந்த மாதிரி இடங்களைப் பார்வையிட ஆட்கள் வருவார்கள். எத்தனை பேருக்குப் பயிற்சி, எத்தனை பேருக்கு வேலை என்று கேட்பார்கள். நல்ல கேள்விகள்தான். ஆனால், ஒருத்தர் தன் கரண்டியைத் தன் வாய்ப்பக்கம் திருப்பினாரா என்று எந்த ஃபாரத்தில் எழுதுவது?

ஞாயிற்றுக்கிழமை குடோனில் பயிற்சி கிடையாது. நஸ்ரீன் வந்திருந்தாள். நானும் போயிருந்தேன் — வேடிக்கை பார்க்கத்தான், வேறென்ன? ஒரு சின்னக் குக்கர், ஒரு சின்ன வாணலி. செல்வராஜ் நாலு கல் உப்பைப் போட்டார். கரண்டியில் எடுத்தார். பழக்கதோஷம்... கை என் பக்கம் வந்தது. நான் கூரையைப் பார்த்தேன். நஸ்ரீன் ஜன்னலைப் பார்த்தாள்.

ஊதி ஊதி அவரே குடித்தார். கண்ணை மூடினார். ரொம்ப நேரம்.

"சரியா இருக்கு" என்றார். பரீட்சை எழுதின பிள்ளை மாதிரி இருந்தது முகம்.

பன்னிரண்டரைக்கு அத்தையோடு திவ்யா வந்தாள். தோளில் மாட்டிய பையைக் கழற்றவே இல்லை. அப்பாவைப் பார்க்காமல் இலையைப் பார்த்து உட்கார்ந்தாள். செல்வராஜ் பரிமாறிவிட்டுத் தானும் ஓர் இலை போட்டு உட்கார்ந்தார். நாங்கள் கதவுக்கு வெளியே நகர்ந்தோம். காதும் கண்ணும் மட்டும் உள்ளேயே இருந்தன.

ஒரு வாய். ரெண்டு வாய். பிறகு சின்னக் குரல்:

"உப்பு கொறவா."

நஸ்ரீன் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எனக்குச் சரியா இருந்துச்சேம்மா..."

"இல்ல. கொறவுதான்." எழுந்து போய் அடுப்புப் பக்கத்திலிருந்து உப்பு டப்பாவை அவளே எடுத்து வந்தாள். பை இன்னும் தோளில்தான். தன் இலையில் கொஞ்சம் போட்டுக்கொண்டாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, அப்பா இலையிலும் ஒரு சிட்டிகை.

"அடுத்த வாட்டி இன்னும் கொஞ்சம் கூடப் போடணும், கேட்டோ."

அப்பா என்று கூப்பிடவில்லை. சாப்பிட்டதும், சொன்ன மாதிரியே கிளம்பிவிட்டாள்.

பஸ் ஏற்றிவிட்டு வந்த செல்வராஜ் நேராக எங்களிடம் வந்தார். "கேட்டீங்களா சார்? உப்பு கம்மியாம்! அடுத்த வாட்டி கூடப் போடணுமாம்!"

தன் சாம்பாரில் உப்பு இல்லை என்பதை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன சமையல்காரரை நான் பார்த்ததே இல்லை.