குறைந்த வெப்பநிலைக்கு மட்டும் வாத்தியார்

அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரிக்கு, விரிவுரையாளர் வேலைக்காக மாதிரி வகுப்பு எடுக்கப் போனேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். திருச்சுழியில் பஸ் ஏறும்போதே தெருவே என்னை வாத்தியாராக்கி அனுப்பியிருந்தது. வேலை இல்லாமல் திரும்பினால் முகம் காட்ட முடியாது.

வெளியே சித்திரை வெயில். கொடுத்த தலைப்போ இயற்பியலில், ஸ்டாட்டிஸ்டிகல் மெக்கானிக்ஸ் பாடத்தில், குறைந்த வெப்பநிலைச் சமநிலை.

"சமநிலைன்னா ஒன்னுதான் தம்பி. சட்டுனு முடிங்க," என்றார் துறைத்தலைவர்.

ஒன்றல்ல என்று காட்டத்தான் போயிருந்தேன். மாணவர்களை வரிசையாக உட்கார வைத்தேன். ஒவ்வொருவரும் ஒரு குட்டிக் காந்தம். சுற்றியுள்ள நால்வரில் அதிகம் பேர் கை தூக்கினால் தூக்க வேண்டும், இறக்கினால் இறக்க வேண்டும். இரண்டுக்கு இரண்டு என்றால் அவரவர் இஷ்டம். குளிரில் காந்தங்கள் பக்கத்து ஆளைப் பார்த்துத்தான் நடக்கும். நாலு சுவரோரமும் உட்கார்ந்திருந்த தேர்வுக் கமிட்டியும் ஆசிரியர்களும்தான் எல்லை. அவர்கள் யாரையும் பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் பார்த்தார்கள். பஞ்சு மில் முதலாளியான கல்லூரிச் செயலாளர் கை தூக்கினார். அவர் முழங்கை நிமிரும் முன்பே துறைத்தலைவர் கை உயர்ந்தது, பிறகு சுவரோரம் முழுக்க. சற்று நேரத்தில் வகுப்பே தூக்கியது. "கை வலிக்குதப்பா" என்று செயலாளர் இறக்கினார். ஓரம் இறங்கியது. மூலைகளில் தொடங்கி நடுவரைக்கும் எல்லாம் இறங்கின.

"அதே விதி, அதே குளிர். ஆனால் சமநிலை ரெண்டு. எது வரும்னு எல்லைதான் தீர்மானிக்குது," என்றேன்.

செயலாளருக்குப் பூரிப்பு. "நான் தூக்குனா காலேஜே தூக்கும்னு சயின்ஸ்லயே இருக்கா? இத்தனை வருசமா ஏன்யா சொல்லல?"

"ரெண்டுன்னுதான நான் எப்பவும் சொல்வேன், ஐயா," என்றார் துறைத்தலைவர்.

நடு வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். "சார், நாங்களா எப்ப முடிவு பண்றது?"

"வெப்பம் ஏறணும்மா. ஒரு அளவத் தாண்டிட்டா ஓரத்துல யாரு தூக்குனாலும் நடுவுக்கு எட்டாது."

செயலாளர் முகம் சுண்டியது. "இதுவும் பாடத்துல இருக்கா?"

"அடுத்த யூனிட்டுங்கய்யா," என்றேன்.

"அப்பத் தம்பி குளிர மட்டும் எடுக்கட்டும். சூட்ட நீங்க பாத்துக்கங்க," என்றார் துறைத்தலைவரிடம்.

வேலை கிடைத்தது. துறைத்தலைவர் 'பரீட்சைக்கு வராது' என்று சூட்டைத் தொடவே இல்லை. மறுவருடம் கட்டண உயர்வை எதிர்த்து மாணவர்கள் மைதானத்தில் உட்கார்ந்தார்கள். செயலாளர் சொல்லியும் எழவில்லை.

"அந்தச் சூட்டுப் பாடத்த எவன்யா எடுத்தது?" என்று கத்தினார்.

"யாருமே எடுக்கலீங்கய்யா," என்றார் துறைத்தலைவர்.

புதிதாகக் கற்பிக்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நீங்கள் தாண்டிப்போகிற யூனிட்டைத்தான் பிள்ளைகள் முதலில் படிப்பார்கள்.