பத்து அழுத்தினால் முப்பத்தெட்டு

மில்லி என்பது அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் அல்ல. மில்லிசெகண்ட் என்ற சொல்லை ஒரு நாளைக்கு நாற்பது தடவை உச்சரிக்கிற மனிதரை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்குப் பொறுமை இருக்கிறது? இரண்டு ஷட்டர் வைத்த பட்டறை, சுவரோரம் ஒரு மேசை, அதன்மேல் எண்ணெய் விரல் பட்டுப் பட்டுப் பாதி எழுத்து அழிந்த லேப்டாப். அவருடைய சாம்ராஜ்யம் அவ்வளவுதான். வயது நாற்பத்தெட்டு. வாழ்க்கை லட்சியம் ஒன்றே ஒன்று: ஆக்சிலேட்டரை மிதிப்பதற்கும் கார் பாய்வதற்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை உலகத்தை விட்டே ஒழித்துக்கட்டுவது.

அப்படி ஓர் இடைவெளி இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. பழைய கார்களில் பெடலிலிருந்து இன்ஜினுக்கு ஒரு கம்பி ஓடியது. மிதித்தால் இழுத்தது. இப்போதைய வேகக் கார்களில் கம்பி கிடையாது. மிதிப்பது ஒரு மனு, அவ்வளவுதான். மனு கம்ப்யூட்டருக்குப் போகும். கம்ப்யூட்டர் அதைப் படித்து, புகை விதிகளைப் புரட்டி, கியர்பாக்ஸின் சௌகரியத்தை விசாரித்து, டர்போ தயாரா என்று ஒரு வார்த்தை கேட்டு, அதன் பிறகுதான் காற்று வழியைத் திறக்கலாமா என்று யோசிக்கவே ஆரம்பிக்கும். "நானூறு மில்லிசெகண்ட்" என்று மில்லி சொல்லும்போது, நெருங்கிய சொந்தத்தில் யாரோ செய்த துரோகத்தைச் சொல்வதுபோல் குரல் தாழும்.

வீட்டில் "சாப்பிட வர்றீங்களா?" என்ற மனு போய்ச் சேர்ந்து, பரிசீலனை முடிந்து, "ம்" என்று உத்தரவு வருவதற்கு ஆகும் நேரத்தை அவர் மனைவி சுவர்க் கடிகாரத்தில் அளந்துவந்தார். அதில் மில்லிசெகண்ட் முள் கிடையாது. தேவைப்பட்டதும் இல்லை.

மில்லியின் சொந்தக் கார், விபத்தில் நசுங்கி வந்ததை வாங்கி அவரே நிமிர்த்தியது. காற்றுக் குழாய்களை வெட்டிக் குறுக்கினார். பிறகு கம்ப்யூட்டருக்குள் நுழைந்து பெடல் கணக்கைத் திருத்தினார். பெடலைப் பத்து சதவீதம் அழுத்தினால் காற்று வழி எட்டு சதவீதம் திறக்கட்டும் என்று கம்பெனி வைத்திருந்தது. மில்லி அதை முப்பத்தெட்டு ஆக்கினார். இதனால் இன்ஜினுக்கு ஒரு குதிரை பலம்கூடக் கூடுவதில்லை. கடைசியில் வரவேண்டியது முதலிலேயே வந்து நிற்கிறது. ஆனால் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும். முதுகு ஒட்டிய வாடிக்கையாளர் வேறு கேள்வி கேட்பதில்லை.

இப்படி இருக்கையில்தான், ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருடமாகக் கை கால் பயிற்சி கொடுத்துவந்த அவர் மனைவிக்கு, நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கும் வேலை கிடைப்பதாக இருந்தது. நிற்க வைத்துத் தண்டிக்கும் வார்டிலிருந்து விடுதலை. ஒரே ஒரு நிபந்தனை: மாதக் கடைசிக்குள் கார் லைசென்ஸ்.

முதல் டெஸ்டில் மேட்டில் நிறுத்திக் கிளப்பச் சொன்னார்கள். கார் ஒரே தாவாகத் தாவி, ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்றைச் சாய்த்தது. இரண்டாம் டெஸ்டில் அதே கூம்பு. கூடுதலாக, ஆபீசரின் மூக்குக்கண்ணாடி.

"கால்ல வெயிட் ஜாஸ்தி" என்றார் மில்லி.

"இந்தக் கால வெச்சுத்தாங்க இருபது வருஷமா வீட்டுக்குள்ள நடக்கறேன். ஒரு நாற்காலியாவது பாஞ்சிருக்கா?"

பட்டறையின் மறு பாதியில் பெயின்ட் அடிக்கும் மனைவியின் தம்பி, முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "மச்சான், அக்கா காரை ஓட்டல. கார்தான் அக்காவ ஓட்டுது. பழைய செட்டிங்கைத் திருப்பிப் போட்டுக் குடுங்க."

மில்லி சுவரைப் பார்த்தார். அவருடைய மேசைக்கு மேலே, அவர் கையாலேயே எழுதிய பலகை தொங்கியது: 'முதலில் பழையதைச் சேமி. பிறகு கை வை.' வந்தவர் போனவருக்கெல்லாம் அதைப் படித்துக் காட்டுவார். தன் சொந்தக் காரில் கை வைத்த அன்று மட்டும் அவர் எதையும் சேமிக்கவில்லை. பழசைத் திருப்பிக் கேட்க யார் வரப்போகிறார்கள் என்ற நம்பிக்கைதான்.

"அடப்பாவி மச்சான்" என்றார் தம்பி, பலகையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்து.

அதே மாடல் கார் வைத்திருந்தவரிடம் கம்பெனி செட்டிங் இருக்கும் ஃபைலை வாங்கி ஏற்றிப் பார்த்தார்கள். வெட்டிய குழாய்களோடு அது ஒத்துவராமல், இன்ஜின் நாலு தடவை இருமி நின்றது. வேறு காரில் டெஸ்டுக்குப் போகவும் வழியில்லை. விண்ணப்பத்தில் எழுதிய காரைத்தான் கொண்டுவர வேண்டும். மாற்றினால் புது விண்ணப்பம், புது வரிசை, அடுத்த மாதம். மூன்றாம் டெஸ்டுக்கு ஒன்பது நாள் இருந்தது. ஆகவே, ஆயுள் முழுக்கத் தாமதத்தைக் களையெடுத்த மனிதர் உட்கார்ந்து அதை நாற்று நட ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத ஒரு கிடங்கின் முன்னால் வெறும் சிமென்ட் தரை, ஓரத்தில் லாரி ஏறுகிற மேடு. மனைவி ஸ்டீரிங்கில். பக்கத்தில் மடியில் லேப்டாப்போடு மில்லி. எண்ணை மாற்றுவது, இன்ஜினை அணைத்துவிட்டுப் புது ஃபைலை ஏற்றுவது, பத்தடி போவது, நிற்பது.

"எப்படி இருக்கு?"

"முன்ன மாடு முட்ட வர்ற மாதிரி இருந்துச்சு. இப்ப என் தம்பி காலைல எழுந்திருக்கற மாதிரி இருக்கு."

ஒன்பதாவது ஃபைலில் மனைவி காரை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றி வெறும் காலை வைத்துப் பார்த்தார். அடுத்தவர் பாதம் எவ்வளவு அழுத்துகிறது என்று உள்ளங்கையால் அளந்து சம்பாதித்தவர்.

"ஏங்க, தப்பு முழுக்க முதல் பத்துலதான் இருக்கு. அதுக்கு மேல எதையும் தொடாதீங்க. அப்புறம், கால எடுக்கறப்ப தலை முன்னாடி போய் விழுது. மிதிக்கறதையே பாக்கறீங்களே, எடுக்கறத யாரு பாக்கறது?"

இருபத்திரண்டு வருடத் தொழிலில், காலை எடுப்பதைப் பற்றி ஒரு வாடிக்கையாளரும் பேசியதில்லை. அவர்களில் பலர் காலை எடுப்பதே இல்லை.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றார் மில்லி. உடனே சொன்னார். இருவருக்குமே அது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

பதினேழாவது ஃபைலில் கார் மேட்டில் நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது. "கைய எடுங்க. இதுவே போதும்" என்றார் மனைவி. இடைவெளி நூற்றெண்பது மில்லிசெகண்ட் என்று திரை காட்டியது. மில்லி அதைப் பார்க்காமல் மூடினார்.

டெஸ்ட் அன்று காலை காரில் ஏறிய மனைவி, ஸ்டீரிங்குக்குக் கீழே லேப்டாப் வயர் தொங்குவதைக் கண்டார்.

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"என்னப் பாத்துச் சொல்லுங்க."

"இருபது மில்லிதான் குறைச்சேன். உனக்கு வித்தியாசமே தெரியாது."

மனைவி ஷெட்டுக்குள்ளேயே காரை ஒரு முழம் நகர்த்திப் பார்த்தார். "தெரியுது. டெஸ்டுக்கு இன்னும் முக்கால் மணி நேரம். பதினேழு இருக்கா, அதுவும் போச்சா?"

மில்லி லேப்டாப்பைத் திறந்தார். இந்த முறை சேமித்திருந்தார். ஒரு தடவை அல்ல, மூன்று இடத்தில். இரண்டே நிமிடத்தில் பதினேழு ஏறியது. அன்று மேட்டில் கூம்பு அசையவில்லை. ஆபீசர் முன்ஜாக்கிரதையாகக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்திருந்ததால், மனைவி கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைத் தடவித்தான் காட்டினார்.

அடுத்த வாரமே, முதுகு ஒட்ட வேண்டும் என்று கேட்டு ஒரு பல் டாக்டர் புதுக் காரோடு வந்தார். மில்லி அவருடைய பழைய ஃபைலைச் சேமித்துவிட்டு, பதினேழின் கணக்கை அந்தக் காருக்கு ஏற்ற மாதிரி எழுதிக் கொடுத்தார். ஒரு சுற்றுப் போய்வந்த டாக்டர், இதுவரைக்கும் ஓட்டியதிலேயே வேகமானது இதுதான் என்றார். மில்லி மறுக்கவில்லை.

சொந்தக் கார் இப்போது பகலெல்லாம் மனைவியோடு வீடு வீடாகப் போகிறது. மில்லி பட்டறைக்குப் பஸ்ஸில் போகிறார். டிரைவர் மிதித்து பஸ் நகர்வதற்கு ஏறக்குறைய இரண்டாயிரத்து முந்நூறு மில்லிசெகண்ட் ஆகிறது. காலை எடுக்கும்போது மட்டும் யார் தலையும் முன்னால் போய் விழுவதில்லை என்பதை அவர் கவனித்துவைத்திருக்கிறார்.