வத்சலா வாசித்த வௌவால்கள்

கோவிலிலிருந்து வீடு திரும்பியபோது ஆன்சரிங் மெஷினில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. என் தோழி வத்சலாவின் கணவர் ராகவனின் குரல். "சாந்தி, வத்சலா போயிட்டா. ஹார்ட் அட்டாக்." அதற்குப் பிறகு அவர் விசும்பியதும் பதிவாகியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மெஷினின் ப்ளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

அமெரிக்காவில் நம் பிளெய்ன்ஸ்பரோத் தமிழர்கள் எல்லாரும் அவளை 'மியூசியம் ஆன்ட்டி' என்று கேலி செய்தீர்களே, உங்களில் ஒருவராவது அந்த மியூசியத்துக்குப் போய்ப் பார்த்ததுண்டா? நான் பார்த்தேன். காட்டன் புடவைமேல் கோட்டு போட்டுக்கொண்டு, சம்பளமில்லாத வழிகாட்டியாகச் சீனக் கலைக்கூடத்தில் நின்றிருந்தாள். கிண்ணத்தில் வரைந்திருந்த மாதுளையைக் காட்டி, அதன் விதைகளைப்போல் நிறையப் பிள்ளைகள் பிறக்கட்டும் என்ற வாழ்த்து அது என்று விளக்கினாள். கூட்டத்திலிருந்த ஒரு சீன மூதாட்டி, தன் கல்யாணத்தன்று அம்மா மாதுளையைப் பிளந்து அறையில் வைத்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். வத்சலா ஒதுங்கி நின்று கேட்டுக்கொண்டாள். திரும்பும்போது ரயிலில் சொன்னாள்: "நான் படிச்சுச் சொல்றேன்டி. அவங்க வாழ்ந்து சொல்றாங்க."

என் மகள் ப்ரியாவின் கல்யாணம் நடந்ததே அவளால்தான். மாப்பிள்ளை சீனப் பையன். முகூர்த்தம் நெருங்கிய வேளையில் அவன் அம்மா மிஸஸ் லின் ஒரு சிவப்புப் பட்டுத்துணி அனுப்பினார். நடுவில் பீச் பழம், சுற்றிலும் தங்க நூலில் ஐந்து வௌவால்கள். கோவையிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் வீட்டையே இரண்டாக்கிவிட்டார்.

"கண்ணாலச் சீருல வௌவாலா? பாழடஞ்ச வீட்டுல தொங்கறது! இந்தச் சம்பந்தம் வேண்டாம், நிறுத்துங்க!"

என் வீட்டுக்காரர் அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாதவர். ப்ரியா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நான் வத்சலாவுக்குப் போன் போட்டேன்.

வந்தவளுக்குத் துணியைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா, சீனாவுல வௌவால்னா அதிர்ஷ்டம். நீண்ட ஆயுள், செல்வம், ஆரோக்கியம், நல்ல குணம், நல்ல சாவு, அஞ்சும் கிடைக்கட்டும்னு அஞ்சு."

"சாவையும் சேத்தியா வாழ்த்துவாங்க?"

"ஏன், நாம மட்டும் கெட்ட சாவா கேக்கறோம்? உங்க பட்டு பார்டரைப் பாருங்க. யாளி பல்லை இளிச்சுட்டு நிக்குது. அதைக் கட்டிட்டுத்தானே எல்லாக் கல்யாணத்துக்கும் போறீங்க? மிஸஸ் லின் பாத்தா பேய்னு அலற மாட்டாங்களா?"

நாத்தனார் தன் புடவைக்கரையைக் குனிந்து பார்த்தார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிரிட்ஜ்வாட்டர் கோவிலில் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது.

வத்சலாவின் இறுதிச்சடங்குக்கு மிஸஸ் லின் வந்திருந்தார். வாசலிலேயே நின்று, உங்கள் வழக்கப்படி நான் என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். இந்த நாட்டில் ரத்த உறவென்று ஒருவருமில்லாத வத்சலாவுக்கு, ராகவனுக்கு அடுத்தபடியாக வாய்க்கரிசி போட்டது அந்தச் சீனத்துக் கைதான். எனக்கு அழுகையைவிடப் பெருமைதான் பெரிதாக வந்தது. இனி என் வீட்டில் யாராவது புரியாத ஒன்றைக் கண்டு முகம் சுளிக்கட்டும், "முதல்ல கேளுங்க!" என்று வத்சலாவின் பெயரைச் சொல்லியே அதட்டப்போகிறேன்.